நடுவட்டத்துக் கொழுந்தும் ஈரான் எண்ணெயும்

எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இலங்கை மலைநாட்டில் ஹற்றன் டவுனில் த்ரீவீல், அதாவது ஆட்டோ, ஓட்டுகிறேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள். பின் சீட்டில் ஏறுகிறவர் எதைப் பேசினாலும் 'ம்' போடுவேன், அவ்வளவுதான். சண்டை, எண்ணெய், நாடுகளின் கூட்டு என்றெல்லாம் எழுத விபரமானவர்கள் இருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். கேட்டதில் எது சரி, எது பிழை என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பிழையிருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நீலகிரிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அக்கா கூப்பிட்டதால் போனேன்.

என்னோடு கூடப் பிறந்தவள் பாக்கியம் அக்கா ஒருத்திதான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பின காலத்தில், இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ராமையா மச்சானோடு தலைமன்னாரில் கப்பலேறிப் போனவள். நாங்கள் இலங்கைப் பிரஜை என்பதால் தங்கிவிட்டோம். அதற்குப் பிறகு அம்மாவின் சாவுக்கு ஒரு முறை வந்தாள். மற்றபடி ஃபோன்தான். அக்காவும் மச்சானும் நடுவட்டம் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்து, வயதான பிறகு கொஞ்சம் தேயிலைக் காணி வாங்கியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் அவள் அழைப்பு.

"தம்பி, உன் மச்சான் செடியப் புடுங்கிட்டு நெலத்தக் கேரட்காரருக்குக் குத்தகைக்குக் குடுக்கப் போறாரு. நீ வந்து நாலு வார்த்த பேசு. இங்க என் பக்கம் பேச யாரு இருக்கா?"

"நானா? ஃபோன்லயே பேசுறேனேக்கா."

"ஃபோன்ல 'சரி மாப்ள, சரி மாப்ள'ன்னுட்டு வச்சிருவாரு. நேர்ல வா. வரும்போது மாசிக் கருவாடு கொண்டா."

பேச ஆள் தேடினவள் என்னைப் போய்க் கூப்பிட்டாளே என்று என் மனைவி சிரித்தாள். ஆனாலும் புறப்பட்டேன்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது நுவரெலியாவில் இறங்கினது மாதிரி இருந்தது. அதே குளிர், அதே குதிரைகள், அதே ஸ்வெட்டர் கடைகள். ஒரு வித்தியாசம், இங்கே எல்லாப் போர்டிலும் தமிழ் முதலில் இருக்கிறது. ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டே நடந்தேன். வர்க்கி என்று ஒன்று விற்கிறார்கள். நாங்கள் பணிசு என்கிற பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. டீயில் நனைத்துத் தின்பது பல்லுக்கு நல்லது.

கூடலூர் பஸ்ஸில் ஏறினேன். பைக்காராவில் ஒரு கடை முன்னால் டீ குடிக்க நிறுத்தினார்கள். கடைக்காரர் எனக்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தார். "நான்தான் முதல்ல வந்தேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் கைக்கு வந்தபோது பஸ் ஹார்ன் அடித்தது. பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு, காசைக் கொடுக்க ஆளைத் தேடிக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது. மாசி இருந்த பையைக் கையிலேயே வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

தேயிலை மலையில் டீ நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க் கடை டீ மாதிரியேதான் இருந்தது, அடித்தூசி. நல்ல தூள் இங்கேயும் கப்பலேறிவிடுகிறது போலும்.

கேரளாவுக்குக் கேரட் ஏற்றிப்போகிற பிக்கப் ஒன்று என்னைப் பார்த்து நின்றது. ஓட்டினவர் பெயர் ஷாஜி. கூடலூர்க்காரர். பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார்.

"எங்கோட்டு சேட்டா? நடுவட்டமா? கேறிக்கோ, கேறிக்கோ. பஸ்ஸுக்காரன் விட்டுட்டுப் போனானா? அவன் பெண்டாட்டியவே விட்டுட்டுப் போற ஆளு."

வழியில் அணையைக் காட்டினார். இந்தத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்களாம். எங்கள் பக்கத்திலும் காசல்ரீ, மவுசாக்கலை என்று தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரில் கொழும்பு வெளிச்சமாக இருக்கும். நாட்டில் டொலர் தீர்ந்து கரண்ட் வெட்டு வந்த வருஷத்தில் அணைக்கட்டுக்கு மேலே இருக்கிற லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், குப்பி விளக்குதான், அதற்கும் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. இதை நான் ஷாஜியிடம் சொல்லவில்லை. 'ம்' போட்டேன்.

டீசல் பேச்சை அவரே எடுத்தார். "ரஷ்யாவுல சண்ட வந்துச்சல்லோ. அவங்க எண்ணெய வெள்ளக்காரன் வேண்டாம்னான். நம்ம ஆளுங்க போயி கப்பல் கப்பலா சீப்பா வாங்குறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. பட்சே, பெட்ரோல் பங்க்குல எனக்கு யாரும் சீப்பாத் தரலியே சேட்டா? அந்தச் சீப்பு எண்ணெய் எந்த வழியாப் போகுது?"

அவர் என்னைக் கேட்டார் என்று நினைத்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

அக்கா வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பையை வாங்கி முதலில் மாசியை முகர்ந்து பார்த்தாள், பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குத் தேங்காய் ரொட்டியும் மாசி இடித்துப் போட்ட கட்டச் சம்பலும். இத்தனை வருஷம் கழித்தும் இங்கே இவர்கள் வீட்டில் ரொட்டியைக் கையால் தட்டித்தான் சுடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கோயம்புத்தூர்ப் பேச்சு. அக்காவும் வெளியாட்களிடம் 'வாங்க, போங்க, சொல்லுங்க' என்கிறாள். அடுப்படிக்கு வந்தால் பழைய தோட்டத்துப் பேச்சுத்தான்.

மச்சான் சம்பலைத் தொட்டு ஒரு வாய் வைத்துவிட்டு, "மாப்ள, ஒங்க நாட்டுலருந்து உருப்படியா வர்ற சாமான் இது ஒண்ணுதான்" என்றார். நல்ல மனுஷர். அக்கா என்னை எதற்காக வரவழைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "பேச வேண்டியத நாளைக்குப் பேசிக்கலாம், பயணக் களைப்பு" என்றார். எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அக்கா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் வெளியே வந்து பார்த்தேன். மூடுபனிக்குள் ரோட்டோரமாக ஜீப்பும் பிக்கப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வளைவு தாண்டியும் வரிசை போனது. எங்கள் ஊரில் அந்த வருஷம் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் இப்படித்தான் நின்றது. மூன்று நாள் நான் த்ரீவீலுக்குள்ளேயே தூங்கியிருக்கிறேன். வரிசையைக் கண்டால் எதற்கு என்று கேட்கக்கூடாது, முதலில் நின்றுவிட வேண்டும், பிறகு கேட்கலாம் என்பது அப்போது பழகினது. வீட்டுப் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் கேன் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கடைசி வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

முன்னால் இருந்த ஜீப்பிலிருந்து கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். போஜன் என்ற நீலகிரிப் படகர் இனத்தவர், பக்கத்து ஊரில் தேயிலை வைத்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

"ஏனுங்க, கேன்ல இலை கொண்டாந்திருக்கீங்களா?"

வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிற வரிசை. நாங்கள் ஸ்டோர் என்று சொல்கிறதை இங்கே ஃபேக்டரி என்கிறார்கள். தேயிலை விற்காமல் தேங்கிக் கிடப்பதால், ஒரு நாளைக்கு இவ்வளவு கொழுந்துதான் எடுப்போம் என்று அளவு வைத்துவிட்டார்களாம். பிந்தினவன் திரும்பிப் போக வேண்டியதுதான். என் கையில் கேன். அந்த இடத்தைவிட்டு எப்படிப் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஷாஜியின் பிக்கப் வந்தது. இன்றைக்குக் கேரட்டுக்குப் பதிலாக மச்சானின் கொழுந்துச் சாக்குகள். மச்சான் இறங்கி என்னையும் கேனையும் பார்த்தார். பிறகு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "பாத்தியா ஷாஜி, மாப்ள நமக்கு இடம் புடிச்சு வச்சிருக்காரு" என்றார்.

இதற்குள் எனக்குப் பின்னால் இரண்டு ஜீப் வந்திருந்தன. "கேனுக்கெல்லாம் எடம் கெடையாதுங்க" என்று அவர்கள் சத்தம் போட்டார்கள். "ஆளு நிக்கிறாரில்ல? மனுசனுக்கு எடம் உண்டில்ல?" என்றார் மச்சான். கடைசியில் போஜன் பஞ்சாயத்துப் பண்ண, வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி என்பதால் இன்றைக்கு மட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். நான் கேனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

வரிசை நகரவில்லை. எல்லாரும் இறங்கி ஷாஜியின் வண்டியில் சாய்ந்துகொண்டு பேசினார்கள். விலை ஏன் விழுந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களாகவே அதைத்தான் பேசினார்கள். தினமும் அதைத்தான் பேசுவார்களாம்.

போஜன் சொன்னார்: "எங்கப்பா காலத்துல ரஷ்யாக்காரன் எதைக் குடுத்தாலும் வாங்குவானுங்க. தண்டையும் தூசியையும்கூட வாங்குனான். ரூபாயில யாவாரம். நாம கெட்டதாவே செஞ்சு பழகிட்டோம். திடீர்னு ஒரு நாள் அந்த நாடே இல்லைன்னுட்டாங்க. வாங்கறவன் கட மாறுவான், சரிங்க. நாடே இல்லாமப் போனா நாம எங்க போய்க் கேக்கறது?"

"அதுக்கப்புறம் ஈரான்" என்றார் மச்சான்.

"ஆமா, ஈரான். அவன்கிட்ட நாம எண்ணெய் வாங்குனோம். பணத்த ரூபாயா இங்கயே பேங்குல போட்டு வச்சோம். ரூபாய வெச்சுக்கிட்டு அவன் அங்க என்னங்க பண்ணுவான்? அரிசி வாங்குனான், தேயிலை வாங்குனான். நல்ல தேயிலையா, தூளா இல்லாம முறுக்கின தேயிலையாக் கேட்டான். அமெரிக்காக்காரன் அவன்கிட்ட எண்ணெய் வாங்காதேன்னான். நாம நிறுத்திட்டோம். எண்ணெய் நின்னா ரூபா நிக்கும், ரூபா நின்னா தேயிலை நிக்கும். யாரோ யாரோடயோ சண்ட, சாக்குல சூடாகறது நம்ம இலை."

எனக்கு இது மிகவும் ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் இதன் மறுபக்கம் எனக்குத் தெரியும். என்னை அறியாமலே வாய் திறந்துவிட்டேன். "எங்க கவர்மெண்டு ஈரானுக்கு எண்ணெய்க் கடன் பட்டிருக்கு. கட்ட டொலர் இல்ல. அதனால தேயிலை அனுப்பிக் கடனைக் கழிக்கிறாங்களாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப எங்க யாவாரத்தப் புடிச்சது நீங்கதானா?" என்றார் போஜன்.

"கேன் கொண்டுவந்தப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார் ஷாஜி.

"மாப்ள மாசியக் குடுத்து வாயை அடைக்கப் பாத்தாரு, தெரியுமா?" என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பின்னால் நின்ற ஜீப்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டார். "ஏனுங்க, அந்த எண்ணெய் உங்களுக்குக் கெடைச்சுதுங்களா?"

"மூணு நாள் லைன்ல நின்னேன்" என்றேன்.

"கொழுந்து எடுக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கு மண்ணெண்ணெயும் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். போஜன் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். "இப்ப மறுபடியும் ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கறோம். நம்ம ரூபா அங்க சேந்து கெடக்குதாம், என்னத்த வாங்கறதுன்னு தெரியாம. தேயிலைய வாங்குங்கப்பான்னு யாராச்சும் போய்ச் சொன்னாத் தேவல."

"நீங்கதான் போயி சொல்லணும்" என்றார் ஷாஜி.

"சொல்லலாம். ஆனா இப்ப அவனும் நல்ல இலையாக் கேக்கறானாம். நம்மகிட்ட என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டு, போஜன் மச்சானின் சாக்குகளைப் பார்த்தார். மச்சான் வேறு பக்கம் பார்த்தார்.

இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால்தான் நல்ல கொழுந்து. விலை விழுந்தால் அப்படிக் கிள்ள ஆள் கூலி கட்டுப்படியாகாது. மெஷினால் வாரி வெட்டிச் சாக்கை நிரப்புவார்கள். முற்றலும் தண்டும் சேர்ந்து வரும். அதில் நல்ல தேயிலை வராது, விலை இன்னும் விழும். மச்சானும் மெஷினால்தான் வெட்டியிருந்தார். அவர் சாக்கின் வாயைத் தைத்து வைத்திருந்தார். கொழுந்து சாக்குக்குள் அடைந்து கிடந்தால் வெந்துபோகும், கொட்டி ஆறவிட வேண்டும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இத்தனை பேர் முன்னால் கொட்டினால் முற்றல் தெரிந்துவிடும். நான் ஒரு சாக்கின்மேல் கை வைத்துப் பார்த்தேன். சோற்றுப் பானை மாதிரிச் சுட்டது.

எங்கள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஃபேக்டரியின் சூப்பர்வைசர் சாக்கின் தையலைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டார், எடுத்து முகர்ந்தார். "ராமையாண்ணா, இலை வெந்திருச்சுங்க. வேண்டாமுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். மச்சான் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

திரும்பி வருகிற வழியில் ஒரு பள்ளத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு சாக்காக இழுத்துத் தலைகீழாகக் கொட்டினார். நான் உதவிக்குப் போனேன், "வேணாம் மாப்ள" என்றார். பழுப்பாகிவிட்ட கொழுந்திலிருந்து ஆவி வந்தது. சாக்குகளை உதறி மடித்து அடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நாளைக்குக் கேரட்காரர் வர்றாரு. முழுசாக் குடுத்துர வேண்டியதுதான்" என்றார்.

இனி நான் பேசித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அக்கா என் தட்டில் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டுவிட்டு, பேசு என்று கண்ணைக் காட்டினாள். குழம்பு நன்றாயிருந்தது, இந்த ஊர் அவரைக்கு ஒரு தனி ருசி. எனக்குத்தான் இறங்கவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன். எங்கள் ஸ்டாண்டில் சிவராஜா என்று ஒருவர். பெற்றோல் இல்லாத வருஷம், இனி இந்த நாட்டில் வண்டி ஓடாது என்று த்ரீவீலை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். பிறகு கோட்டா முறையில் பெற்றோல் வந்தது. இப்போது அதே த்ரீவீலில் பின் சீட்டில் ஏறிச் சந்தைக்குப் போகிறார்.

மச்சான் முழுதும் கேட்டார். "நல்ல கதைதான் மாப்ள. ஒங்க நாடு விழுந்தப்ப கடன் குடுக்க நாலு நாடு வந்துச்சு. இந்தியாவும் குடுத்துச்சு. நான் விழுந்தா யாரு வருவா?"

சோற்றைப் பிசைந்தேன்.

அக்கா சொன்னாள்: "எங்கம்மா, அவங்கம்மா, நானு, எல்லாரும் கிள்ளினது அடுத்தவன் செடி. இது மட்டும்தான் எம் பேருல நிக்கிற செடி. நாத்து வாங்கி நான் நட்டது."

"செடி சோறு போடலியே பாக்கியம். தெனம் போயி அந்த லைன்ல நிக்கிறது நீயா, நானா? இன்னிக்கு அத்தன பேரு முன்னால சாக்குல கைய விட்டு மோந்து பாத்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

மச்சான் எழுந்து போன பிறகு அக்கா என்னிடம், "த்ரீவீல் கத சொல்லவா உன்ன வரச் சொன்னேன்?" என்றாள்.

மறுநாள் காலை 'சடக், சடக்' என்று ஒரு சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மச்சான் அப்போதுதான் பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். சத்தம் காணியின் மேல் துண்டிலிருந்து வந்தது. அக்கா கவாத்துக் கத்தியை வைத்துக்கொண்டு செடியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

கவாத்து என்றால் செடியை முட்டிக்குக் கீழே வெட்டி, கட்டையாக்கி விடுவது. சில வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் செடி புதிதாகத் துளிர்க்கும். அதுவரை சில மாதம் ஒரு கொழுந்தும் கிடைக்காது. எங்கள் தோட்டங்களிலும் சரி, இங்கேயும் சரி, கவாத்து ஆம்பிளை வேலை. பெண்கள் கொழுந்து எடுப்பார்கள், அந்தக் கத்தியைத் தொடமாட்டார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவே தெரியவில்லை. விறகு பிளக்கிற மாதிரி ஓங்கிப் போட்டாள். கிளைகள் வாய் பிளந்து நின்றன.

"அவளுக்கு என்ன புடிச்சிருக்கு?" என்றார் மச்சான். டீயை ஒரு வாய் குடித்தார். மறுபடி 'சடக்'. கிளாஸைக் கீழே வைத்தார். இன்னும் இரண்டு வெட்டு. எழுந்து விறுவிறுவென்று மேலே ஏறினார். நானும் பின்னால் போனேன்.

"அடியே, என்னா வெட்டு இது? கட்ட பிளந்திருக்கு பாரு. சாய்வா, வழுவழுன்னு விழணும். இதுல தண்ணி எறங்கினா அழுகிரும்."

"புடுங்கப் போற செடிதான? எப்படி வெட்டினா என்னா?" என்றாள் அக்கா. கையை நிறுத்தவில்லை.

"செடி மூச்சு விட ஒரு கெளய விட்டு வெட்டணும். இத மொட்டையடிச்சிட்டியே. இது செத்துரும்."

"சாகட்டும். நாளைக்குக் கடப்பாரைல சாகுறது இன்னிக்குக் கத்தியில சாகட்டும்."

அவர் கத்தியைப் பிடுங்கினார். பிறகு அக்கா கெடுத்த செடிக்கு முன்னால் குனிந்து, பிளந்த கிளையைக் கொஞ்சம் கீழே தள்ளி ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டுவாய் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த கிளை. அடுத்த செடி. தலை நிமிரவில்லை. அக்கா வெட்டின கிளைகளைப் பொறுக்கிச் செடியடியில் பரப்பினாள். நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறியிருந்தது, அப்படியே குடித்தார்.

ஒரு வரிசை முடிந்த பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள். "வெட்டி விட்டா மார்கழி வரைக்கும் எல கெடையாது. எல இல்லன்னா நீ யாரு வாசல்லயும் போயி நிக்க வேணாம். நான் எஸ்டேட்டுல கொழுந்துக்குப் போறேன். வயசானவங்களையும் தற்காலிகத்துக்கு எடுக்கிறாங்க."

"அப்புறம் தை மாசம்?"

"தையில எந்த நாட்டுக்காரன் எவனோட சேந்திருப்பான்னு யாருக்குத் தெரியும்?"

மச்சான் கத்தியைக் கல்லில் தீட்டினார்.

கேரட்காரர் தங்கவேல் பத்து மணிபோல் வந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, செருப்பில் சேறு படாமல் பார்த்துப் பார்த்து ஏறி வந்தார். கவாத்து வெட்டின வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க ராமையா, புடுங்கற செடிக்கு எதுக்குங்க முடி வெட்டி விடறீங்க?"

மச்சான் நிமிர்ந்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. "மேல் துண்டு வேண்டாமுங்க. ஓடை ஓரம் கீழ்த்துண்டு மட்டும் எடுத்துக்குங்க" என்றார்.

"முழுசாப் பேசுனமுங்களே?"

"பேசுனம். இப்ப இவ்வளவுதானுங்க."

தங்கவேலுக்கு முகம் கொஞ்சம் மாறியது. கீழே போய் ஓடையையும் மண்ணையும் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் இருக்கிற துண்டு அதுதான். "சரிங்க. ஆனா ராத்திரிக்குக் காட்டுப்பன்னி வந்தா நீங்கதான் சத்தம் குடுக்கோணும்" என்றார்.

"இங்க சத்தம் குடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லீங்க" என்றார் மச்சான்.

கீழ்த்துண்டும் அக்கா நட்டதுதான். அங்கேதான் கொழுந்து நன்றாக வரும் என்று முதல் நாள் எனக்குக் காட்டியிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தங்கவேலுக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

இவ்வளவுக்கும் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. பேச வந்தவன், பேசினது எடுபடவில்லை. நான் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்கா கையில் கிள்ளின கொழுந்தும், ஹற்றனில் என் பக்கத்து வீட்டுப் பெண்கள் கிள்ளின கொழுந்தும் எங்கேயோ ஒரே ஊருக்கு, எண்ணெய்க்கு ஈடாகப் போயிருக்கின்றன. ஒரு பக்கம் நின்றதும் மறுபக்கம் போயிருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் யாரும் வந்து சொல்லவில்லை. அங்கே டீ குடித்தவர்களுக்கு இரண்டும் ஒரே ருசியாக இருந்ததா என்று கேட்க ஆசை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் தங்கவேலின் ஆட்கள் கடப்பாரையோடு வந்து கீழ்த்துண்டில் செடிகளைப் பிடுங்கினார்கள். மச்சான் மேலே கவாத்து வெட்டினார். பிடுங்கின செடிகளை அக்கா விறகுக்கு அடுக்கினாள். மத்தியானம் மழை பிடித்தது. இரண்டு இடத்திலும் வேலை நின்றது.